ஒன்றரை கஜம் கறுப்பு

மல்லிகா நகர் குடியிருப்போர் நலச் சங்கத்துக்கு வயது இருபத்தைந்து. இந்த இருபத்தைந்து வருஷத்தில் சங்கம் போடாத சண்டை இல்லை. தண்ணீர் லாரி எந்தத் தெருவுக்கு முதலில் வரவேண்டும், குப்பைத் தொட்டி யார் வாசலில் நிற்கவேண்டும், மூன்றாவது தெரு நாய் யாருடையது என்று எல்லாவற்றுக்கும் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தியிருக்கிறார்கள். சரித்திரத்துக்காக அடித்துக்கொண்டது மட்டும் 2008 ஜனவரியில்தான்.

வெள்ளிவிழாவைக் குடியரசு தினத்தோடு சேர்த்துக் கொண்டாடுவது, சங்கக் கட்டடத்தில் ஒரு கண்காட்சி வைப்பது, வீட்டுக்கு ஒரு பழைய பொருள் கொண்டுவருவது என்று முடிவாகியிருந்தது. யார் எதைக் கொண்டுவருகிறார்கள் என்று எழுதிக்கொள்ள, இருபதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூட்டம் போட்டார்கள். ஒருவர் வால்வு ரேடியோ என்றார். இன்னொருவர் மாமனார் வாங்கிய செப்புத் தவலை என்றார். எத்திராஜ் எழுந்து, தன் வீட்டிலிருந்து ஒரு கறுப்புக்கொடி வரும் என்றார்.

எழுதிக்கொண்டிருந்த சங்கத் தலைவர் சாம்பசிவன் பேனாவை மூடினார்.

எத்திராஜ் பல்லாவரத்துக்காரர். தோல் கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். கறுப்புச் சட்டையைத் தவிர வேறு சட்டை போட்டு அவரைப் பார்த்தவர்கள் அந்த நகரில் கிடையாது. 1965 ஜனவரி இருபத்தாறில் இந்தி மட்டுமே ஆட்சிமொழி ஆகப்போகிறது என்றிருந்தபோது, அந்த நாளைத் துக்க நாள் என்று சொல்லி ஊரெங்கும் வீட்டுக்கு வீடு கறுப்புக்கொடி ஏற்றினார்கள். பதினெட்டு வயது எத்திராஜும் ஏற்றினார். அந்தக் கொடியைத்தான் இப்போது கொண்டுவருகிறேன் என்கிறார்.

அவர் மனைவி காந்தா பெண்கள் பக்கம் கடைசி நாற்காலியில் உட்கார்ந்து, இது நல்லபடியாக முடியாது என்று நினைத்துக்கொண்டாள். வீட்டில் இருப்பது போதாதா அவளுக்கு.

வீட்டில் அப்பாவும் பிள்ளையும் பேசி இரண்டு மாதம் ஆகிறது. பிள்ளை விக்கி நாவலூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறான். ஆபீஸில் அவனுடைய டீம் லீடரே குருசாமியாகவும் இருந்ததால், கார்த்திகை முதல் தேதி குன்றத்தூர் கோயிலில் மாலை போட்டுக்கொண்டு கறுப்பு வேட்டியோடு வீட்டுக்கு வந்தான். வாசலை அடைத்துக்கொண்டு எத்திராஜ் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மாலை போட்டவன் யாரைக் கூப்பிட்டாலும் அப்படித்தான் கூப்பிடவேண்டும் என்பதால், "சாமி, கொஞ்சம் வழி விடுங்க" என்றான். நாற்பது வருஷமாக அந்தச் சொல்லோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் மனிதரைப் பார்த்து, அவர் பெற்ற பிள்ளையே சொன்னது. எத்திராஜ் பேப்பரை மடித்தார். "நான் எவனுக்கும் சாமி இல்ல" என்றார். அன்றைக்கு நின்றதுதான் பேச்சு. மலைக்குப் போய் வந்து, மாலையைக் கழற்றியும் ஆயிற்று. ஆனாலும் இருவரில் யாரும் முதலில் வாயைத் திறக்கத் தயாராக இல்லை. சாப்பாட்டு மேஜையில் ஒருவர் எதிரில் ஒருவர் உட்கார்ந்துகொண்டு, உப்பு வேண்டுமென்றாலும் காந்தாவிடம்தான் சொல்வார்கள். ஏதாவது மாப்பிள்ளைச் சம்பந்தம் பேசப்போனால்கூட இப்படி நடுவில் நின்று பேசவேண்டியிருக்காது என்று அவளுக்கு ஆத்திரமாக வரும். அவளுக்கு வேண்டியதெல்லாம் ஒன்றுதான். இந்த இரண்டு பேரும் பேசவேண்டும். அதற்காக அவள் வெள்ளிக்கிழமை தவறாமல் வேண்டிக்கொள்கிறாள், எத்திராஜுக்குத் தெரியாமல் இல்லை, தெரிந்தேதான்.

கூட்டத்தில் சாம்பசிவன் எழுந்து நின்றார். அவர் விமானப்படையில் இருபது வருஷம் இருந்தவர். குரலை உயர்த்த மாட்டார், உயர்த்தாமலே எல்லோருக்கும் கேட்கும். குடியரசு தினத்தன்று வெளியே தேசியக் கொடியை ஏற்றிவிட்டு, உள்ளே கறுப்புக்கொடியை வைப்பதற்குத் தான் கையெழுத்துப் போட முடியாது என்றார். பிறகு, யாரும் கேட்காமலே ஒன்று சொன்னார். அறுபத்தைந்தில் அவர் வடக்கே ஒரு முகாமில் இருந்தாராம். வயது இருபது. பேப்பரைப் பார்த்துவிட்டு பக்கத்துக் கட்டில்காரன், உன் ஊரில் குடியரசு நாளுக்குத் துக்கம் கொண்டாடுகிறார்களாமே என்று கேட்டானாம்.

"எனக்குப் பதில் சொல்லத் தெரியலை. இன்னைக்கும் தெரியலை" என்றார்.

"என்னைக் கேட்டிருந்தா நான் சொல்லிருப்பேன், பிரசிடெண்ட் சார்" என்றார் எத்திராஜ். "நாடு வாணாம்னு ஏத்தல. நாட்டுல எங்க பாஷைக்கும் ஒரு எடம் வோணும்னுதான் ஏத்தினோம்."

அப்புறம் ஆளாளுக்குப் பேசினார்கள். அது நடந்தது, நடந்ததை மறைக்கக்கூடாது என்றார் ஒருவர். போலீஸ் வந்தால் யார் பதில் சொல்வது என்றார் இன்னொருவர். புதிதாகக் குடிவந்த ஒரு பையன், அறுபத்தைந்தில் என்ன நடந்தது என்று பக்கத்தில் விசாரித்தான். சாம்பசிவன் கொஞ்சம் இறங்கி வந்து, கொடியை மேஜைமேல் மடித்து வைப்பதானால் யோசிக்கலாம், சுவரில் தொங்கவிடக்கூடாது என்றார். எத்திராஜ் ஒரே பிடியாக நின்றார்.

"தொங்கவுட்டாதான் கொடி. படுக்கவெச்சா துணி. துணி பாக்கவா ஜனங்க வருவாங்க?"

அப்போதுதான் அபிதகுஜாம்பாள் டீச்சர் எழுந்தார். மல்லிகா நகர்ப் பிள்ளைகளில் பாதிப் பேர் சாயங்காலமானால் அவர் வீட்டு வராந்தாவில்தான் இந்தி படிப்பார்கள். அவர் அப்பாவும் திருவண்ணாமலையில் இந்திப் பண்டிட்டாக இருந்தவர். டீச்சர் எழுந்ததுமே, தீர்ந்தது, கொடி வராது என்று காந்தா நினைத்தாள். எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள்.

"எங்க வீட்டு வாசல்ல அப்பா பேரை இந்தியில எழுதின போர்டு இருந்தது. அந்த வாரம் பசங்க வந்து அதுமேல தார் பூசிட்டுப் போனாங்க. அப்பா மூணு வாரம் வெளியில வரலை. மூணு வருஷம் கழிச்சு ஸ்கூல்ல இந்தியையே எடுத்துட்டாங்க. அவரைக் கைத்தொழில் வாத்தியாரா மாத்தினாங்க. அட்டைப்பெட்டி ஒட்டக் கத்துக்கொடுத்துட்டு ரிட்டயர் ஆனார்."

எத்திராஜ் தரையைப் பார்த்தார்.

"நீங்க கொடியை மறைச்சா, எங்க அப்பா கதையும் அதோட சேர்ந்து மறைஞ்சுபோயிடும். அதனால வைக்கணும்ங்கறேன். ஆனா ஒரு கண்டிஷன். அந்தக் கொடி எங்கெங்க போச்சு, அதை வெச்சுக்கிட்டு யார் என்னென்ன செஞ்சாங்க, அத்தனையும் பக்கத்துல எழுதிவைக்கணும். நல்லதை எழுதிட்டு மத்ததை விட்டுடக்கூடாது. ஒரு வரி குறைஞ்சாலும் நானே எடுத்துடுவேன்."

சாம்பசிவன் சரி என்றார். எத்திராஜும் சரி என்றார். தொங்கவிடுவதா படுக்கவைப்பதா என்பதை விழா அன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டார்கள். சாம்பசிவன் பேனாவைத் திறந்து, பொருளின் விவரம் சொல்லுங்கள் என்றார். எத்திராஜ் சொன்னார்.

"ஒன்றரை கஜம். கறுப்பு பாப்ளின். கம்பத்துல கட்றதுக்கு ஒரு ஓரத்துல ரெண்டு நாடா தெச்சிருக்கும். எங்க அண்ணிதான் தெச்சது. என் பழைய சட்டைங்களோட மூட்டையில பத்திரமா கீது."

காந்தாவுக்கு நாற்காலி கால் ஒடிந்ததுபோல் இருந்தது.

கொடி, கொடி என்று அவர் முப்பது வருஷமாகச் சொல்லிக் கேட்டிருக்கிறாளே தவிர, அவள் பார்த்ததில்லை. அவர் சொல்கிற தோரணையில் அது தேர்ச்சீலை அளவுக்கு இருக்கும் என்று அவளாகவே நினைத்துக்கொண்டிருந்தாள். நவம்பரில் அந்த மூட்டையை வெயிலில் போட அவிழ்த்தபோது, சட்டைகளுக்கு நடுவில் ஒரு கறுப்புத் துணி கிடைத்தது. கறுப்புச் சட்டைக்காரர் மூட்டையில் கறுப்புத் துணி இருப்பதில் என்ன அதிசயம்? மலைக்குப் போகிற பிள்ளைக்கு, இருமுடிக்குக் கீழே தலையில் போட்டுக்கொள்ள ஒரு துண்டு வேண்டியிருந்தது. கடைத்துண்டெல்லாம் சாயம் போகிறது என்று குறைப்பட்டுக்கொண்டிருந்தவள், இது நல்ல கெட்டித்துணியாக இருக்கிறதே என்று, ஓரத்தில் துருத்திக்கொண்டிருந்த இரண்டு நாடாவையும் பிளேடால் பிரித்துக் குப்பையில் போட்டுவிட்டு, மடித்து விக்கியின் பையில் வைத்தாள்.

கடவுள் இல்லை என்று நாற்பது வருஷம் மேடைபோட்டுப் பேசியவரின் கொடி, பதினெட்டாம் படி ஏறி இறங்கி வந்து, துவைத்து, இப்போது விக்கியின் பீரோவில் இருக்கிறது. இரண்டு தடவை சோப்புப் போட்டும் நடுவில் உள்ளங்கை அளவுக்கு நெய்க்கறை போகவில்லை.

சொன்னால், இரண்டு மாதத்துப் பேசாமை இருபது வருஷமாகிவிடும். பிள்ளை வேண்டுமென்றே செய்தான் என்றுதான் அவர் எடுத்துக்கொள்வார். சொல்லாவிட்டால், நூறு வீட்டுக்காரர்களுக்கு முன்னால் அந்த மனிதர் பொய்யராக நிற்பார். காந்தா அந்த வாரம் சாம்பாருக்கு இரண்டு தடவை உப்புப் போட்டாள், ஒரு தடவை போடவே இல்லை.

எத்திராஜுக்கு மூட்டையைப் பிரிக்க நேரமில்லாதது அவளுடைய நல்ல காலம். டீச்சர் கேட்ட விவரத்தை எழுதுவதிலேயே அவருடைய பொழுது போயிற்று. எழுதுவார், கிழிப்பார், மறுபடி எழுதுவார். வெள்ளிக்கிழமை காலையில் காந்தா ஒரு முடிவுக்கு வந்தாள். கறையை ஒன்றும் செய்ய முடியாது, மடிப்பில் மறைத்துவிடலாம். நாடாவையாவது தைத்துவிட வேண்டும். புது நாடா வெள்ளைவெளேரென்று காட்டிக்கொடுத்துவிடும். பழைய நாடா வேண்டும். அதற்குப் பல்லாவரம் சந்தையைவிட்டால் வேறு இடம் ஏது?

சந்தையில் பழந்துணி விற்கும் கன்னியம்மாவிடம் கேட்டாள். கன்னியம்மா ஒரு பழைய பாவாடையைத் தூக்கிப் போட்டாள். அதிலிருந்த நாடா பழுப்பேறி, அறுபத்தைந்திலேயே தைத்தது போலத்தான் இருந்தது.

"இன்னாத்துக்குமா இத்தினி பழசு?"

"கொடிக்கு."

"எந்தக் கட்சி?"

வீட்டுக் கட்சி என்றாள். கன்னியம்மா அதற்குமேல் கேட்கவில்லை.

மத்தியானம் எத்திராஜ் சங்கக் கட்டடத்துக்கு மேஜை போடப் போயிருந்த நேரத்தில், கதவைச் சாத்திக்கொண்டு தைக்க உட்கார்ந்தாள். ஒரு நாடாவைத் தைத்து முடித்து இரண்டாவதைத் தொட்டபோது கதவு திறந்தது. எத்திராஜ் சுத்தியல் எடுத்துப்போக வந்தவர். அவள் மடியில் கொடி விரிந்து கிடந்தது. அவர் குனிந்து அதைக் கையில் எடுத்தார். நாடாவைப் பார்த்தார், கறையைப் பார்த்தார், பிறகு மூக்கருகே கொண்டுபோனார்.

"இன்னா காந்தா இது? நெய் வாசனை வருது?"

இனி மூடி மறைக்க ஒன்றுமில்லை. காந்தா எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். தப்பு தன்னுடையதுதான், அவன்மேல் இல்லை, அவனுக்கு இது என்னவென்றே தெரியாது என்று இரண்டு முறை, மூன்று முறை சொன்னாள். அழுகை வந்தது, அதை அவள் அடக்கவும் இல்லை.

"எனக்குத் தெரியும்மா" என்று குரல் கேட்டது.

விக்கி எப்போது வந்தான் என்று தெரியவில்லை. மறுநாள் விடுமுறை என்பதால் ஆபீஸில் அரைநாளோடு விட்டிருந்தார்கள். ஷூவைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தான்.

"நான் ஆறாவது படிக்கிறப்ப அப்பா எடுத்துக் காட்டியிருக்காரு. நீ நாடாவைப் பிரிக்கிறப்பவே தெரியும், இது கொடின்னு. தெரிஞ்சுதான் எடுத்துட்டுப் போனேன்."

இதைச் சொல்லாமல் இருந்திருக்கக்கூடாதா இந்தப் பாவி என்று நினைத்தாள் காந்தா. எத்திராஜ் கொடியைப் பிடித்தபடியே நின்றார். விக்கி அவரைப் பார்க்காமல், வழக்கம்போல அம்மாவைப் பார்த்தே சொன்னான்.

"கூட வந்தவங்க பாதிப் பேர் அவங்க அப்பாவோட வந்தாங்கம்மா. நம்ம அப்பா வரமாட்டாரு. வரச்சொல்றதும் சரியில்ல. அவரோடது ஏதாச்சும் ஒண்ணு என் தலையில இருக்கட்டும்னு தோணுச்சு. கேலிக்காக இல்லம்மா. சத்தியமா இல்ல."

எத்திராஜ் கொடியைத் தோளில் போட்டுக்கொண்டு, சுத்தியலை மறந்துவிட்டு, வெளியே போய்விட்டார். போகிற வேகத்தில் வாசற்படியில் நின்ற பிள்ளையின் தோள் அவர்மேல் உரசியது. திட்டியிருந்தால்கூடக் காந்தாவுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். ராத்திரிச் சாப்பாட்டுக்கும் அவர் காந்தாவிடமே ரசம் கேட்டார்.

மறுநாள் காலை எட்டு மணிக்குச் சாம்பசிவன் கொடியேற்றினார். அவர் சல்யூட் அடித்தபோது எத்திராஜும் கறுப்புச் சட்டையோடு நேராக நின்றார். மிட்டாய் கொடுத்து முடிந்ததும் எல்லோரும் உள்ளே போனார்கள். ரேடியோ, தவலை, கை உடைந்த தையல் மெஷின் எல்லாவற்றையும் தாண்டி, கடைசி மேஜையில் கறுப்புத் துணி இருந்தது. சுவரில் தொங்கவில்லை. மடிப்பில்லாமல் மேஜைமேல் விரித்து, கறை தெரிகிறபடியே வைத்திருந்தார். அவராகவேதான் அப்படி வைத்தார் என்று சாம்பசிவன் பிறகு ஆச்சரியப்பட்டுச் சொன்னார்.

பக்கத்தில் ஓர் அட்டை. எத்திராஜின் குண்டு குண்டுக் கையெழுத்து.

"1965 ஜனவரி 26 காலை ஆறு மணிக்கு இது பல்லாவரத்தில் எங்கள் வீட்டு ஓட்டின்மேல் ஏற்றப்பட்டது. ஏற்றியவன் எத்திராஜ், வயது பதினெட்டு. இந்தி மட்டும் ஆட்சிமொழி ஆகக்கூடாது என்று ஏற்றினான். இன்றைக்கும் அவன் எண்ணம் அதுதான். போலீஸ் இறக்கச் சொன்னது. இறக்காததற்கு அவன் அண்ணன் அடி வாங்கினார். அதே வாரம் இவன் தார் டின் தூக்கிக்கொண்டு போய்ப் பலகைகளில் இந்தி எழுத்தை அழித்தான். அவற்றில் ஒன்று ஒரு வாத்தியாருடைய வீட்டு வாசல் பலகை. அது தப்பு."

காந்தாவுக்கே இது புதிது. முப்பது வருஷத்தில் கொடியைச் சொன்னவர், தார் டின்னைச் சொன்னதே இல்லை. டீச்சர் அட்டையை ஒரு தடவை படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் படித்தார்.

"அந்த வாத்தியார் பேர் என்ன?"

"தெரியாது டீச்சர்" என்றார் எத்திராஜ். "பேர் மேலதானே பூசினேன்."

டீச்சர் அட்டையை நேராக்கி வைத்தார். இது இங்கேயே இருக்கட்டும் என்றார். அவ்வளவு சுலபமாக மன்னித்துவிட்டார் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த மேஜையைவிட்டு அவர் நகரவும் இல்லை.

அடுத்து வந்தவர் சாம்பசிவன். அவர் எதையும் மேலோட்டமாகப் படிக்கிறவர் அல்லர். விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டு வந்து, கடைசி வரியில் நின்றார். மற்றவற்றுக்குக் கீழே தள்ளி எழுதியிருந்த அந்த வரியின் நடுவில் ஓர் இடம் காலியாக இருந்தது. "2008 ஜனவரி" என்று எழுதி, அதன்பின் கொஞ்சம் இடம் விட்டு, "என் மகன் தலையில் சபரிமலை போய் வந்தது" என்றிருந்தது.

அதைப் படித்ததும் சாம்பசிவனுக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. முகத்தை ஒழுங்குபடுத்திக்கொண்டு, "தேதி விட்டுப்போச்சே, எத்திராஜ் சார். ஒரு வரி குறைஞ்சாலும் வைக்கக்கூடாதுன்னு பேச்சு" என்றார்.

எத்திராஜ் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். தேதி அவருக்குத் தெரியாது. அதைத் தெரிந்தவன் நான்கடி தள்ளி, நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தான். எத்திராஜ் பழக்கத்தில் காந்தா பக்கம் திரும்பினார். அவனைக் கேட்டுச் சொல் என்று அவர் கண் சொன்னது.

காந்தாவுக்குத் தேதி தெரியும். எட்டாம் தேதி. வாய்வரைக்கும் வந்தது. ஆனால் அவள் வாயைத் திறக்கவில்லை. முதுகைத் திருப்பிக்கொண்டு, வால்வு ரேடியோ பக்கம் போய், வாங்கப்போகிறவள் மாதிரி அதன் குமிழைத் திருகிப் பார்க்க ஆரம்பித்தாள். கேட்டால் கேட்கட்டும், இல்லாவிட்டால் அந்த அட்டை அப்படியே கிடக்கட்டும், இனிமேல் நடுவில் நிற்க முடியாது என்று நினைத்தாள்.

பின்னால் நாற்காலி அடுக்குகிற சத்தம் நின்றுபோயிற்று.

"எத்தினாந் தேதிடா ஏறின?"

"எட்டாந் தேதிப்பா. விடியகாலைல. செம மழை."

"மழையா? அப்ப இது நனைஞ்சிருக்குமே?"

"இல்லப்பா. நான்தான் நனைஞ்சேன். கொடி இருமுடிக்குக் கீழ இருந்துச்சு, நனையல."

பேனா அட்டையில் உரசுகிற சத்தம் கேட்டது. காந்தா திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணீர் வழிய, ரேடியோவின் குமிழைத் திருகிக்கொண்டே இருந்தாள். அதற்குச் சொந்தக்காரர் வந்து, அது வேலை செய்யாதும்மா, பத்து வருஷமாச்சு என்று சொன்னார். பரவாயில்லை என்றாள்.